சுவருக்கு மேலே மூச்சு

தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது என்று போனாலும் பனடோல், தூக்கமே இல்லை என்று போனாலும் பனடோல். றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குத் தோள் வலிக்காமல் எப்படி இருக்கும்? வெட்டு மேலே இருந்தால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கீழே இறங்கினால் முதுகை வளைத்துக்கொண்டு நிற்க வேண்டும். போன வருசம் ஒருநாள் தலை சீவக் கை மேலே போகவில்லை. என் மகள்தான் கொண்டை போட்டுவிட்டாள். அந்தக் கோபத்தோடேயே தெஹியோவிட்டையில் பஸ் ஏறி அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் பிரஷர் பார்த்தார், மாத்திரை எழுதினார். பக்கத்து ஹோலில் நர்ஸ் மிஸ் ஒருவர் யோகா சொல்லிக்கொடுக்கிறார், அதற்கும் போ என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்கிறவளைப் பார்த்துக் குனிந்து நிமிரச் சொல்கிறாரே மனுசன்! பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் போய் உட்கார்ந்தேன்.

அந்த மிஸ் சிங்களம். "ஹெமின், அக்கே, ஹெமின்" என்று மெதுவாகச் செய்யச் சொல்லிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினார். வேலை இல்லாத நேரத்திலும் நான் தோளைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டே திரிகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சையும் பாதிதான் விடுகிறேனாம். இத்தனை வருசமாக மூச்சைக்கூட முழுசாக விடவில்லையா நான்? அதற்கும் கோபம் வந்தது. யார் மேல் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், தொடர்ந்து போனதில் பலன் இருந்தது. அந்த வருசத்து மழைக்காலம் முடிவதற்குள் கை தலைக்கு மேலே போய்விட்டது. படுத்தால் தூக்கம் வந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார்கள். ஆனாலும் மாத்திரையை விடக்கூடாது என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், நானும் விடவில்லை. கோபம் குறையும் என்றும் சொன்னார். அது மட்டும் பலிக்கவில்லை. முன்பு பிள்ளை மேல், நாய் மேல், அடுப்பு மேல் என்று கண்டபடி வரும். இப்போது யார் மேல் வர வேண்டுமோ அவர் மேல் சரியாக வருகிறது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் கையைக் காலை நீட்ட இடம் எங்கே இருக்கிறது? அலுமாரிக்குப் பக்கத்தில் தலையை வைத்தால் கால் கட்டிலுக்கு அடியில் போகும். அந்தத் துண்டு இடத்தில் பாய் விரித்து, பின்னேரம் வேலை முடிந்து குளித்த பிறகு செய்வேன். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. அங்கே கடுகு தாளித்தால் இங்கே தும்முவோம். நான் மூச்சை இழுத்து விடுவது மட்டும் கேட்காமல் இருக்குமா?

முதலில் கேட்டது அந்த வீட்டு அக்காதான். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "தங்கச்சி, ஒனக்கு இழுப்பு வந்திருக்கா?" என்றார்.

"இல்லக்கா, யோகா. மூச்சுப் பயிற்சி. நல்லாத் தூக்கம் வருது."

"தூக்கம் வருமா?" என்று கேட்டுவிட்டு வாளி நிறைந்து வழிகிறவரை நின்றார். அவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டு எப்போது வருவார், வந்து என்ன செய்வார் என்று காத்திருந்தே அந்த அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. சுவர் அப்படி இருக்கையில் அது யாருக்குத் தெரியாது?

அந்த வீட்டுக்காரர்தான் என் கணவரிடம் போய், "ஒம் பொண்டாட்டி பாம்பு மாதிரி சீறுறா, என்னமோ புடிச்சிருக்கு, பாரு" என்று ஊதியிருக்கிறார். அன்றாடம் பெண்டாட்டியை அடிக்கிறவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம், எனக்குத்தான் பிடித்திருக்கிறதாம்!

என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பின்னேரம் நான் பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன், உடுக்குச் சத்தம் கேட்கிறது. கண்ணைத் திறந்தால் பேயோட்டுகிற கோடங்கி விபூதித் தட்டோடு நிற்கிறார். வாசலில் லயமே கூடி நிற்கிறது.

"யாரு நீ? எங்கேருந்து வந்த?" என்று கோடங்கி அதட்டினார்.

"மலையிலேருந்துதான். பால் வெட்டிட்டு வந்தேன்" என்றேன். வாசலில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு என் கணவரைப் பார்த்தேன்.

"ஏங்க, ஒங்க கொறட்டை ஆறு வீட்டுக்கும் கேக்குது. அதுக்கு யாராச்சும் கோடங்கியக் கூட்டியாந்தாங்களா? நான் வலியில அழுதப்ப இந்த லயத்துக்கே கேட்டுச்சு. அப்ப எங்க போனீங்க எல்லாரும்?"

கோடங்கி உடுக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு நழுவிவிட்டார். என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. "இனிமே இந்த வீட்டுல இது நடக்கப்படாது" என்று சொல்லி, நான் பாய் விரிக்கிற இடத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டார். ஒருத்திக்கு நீட்டிப் படுக்க ஒரு பாய் அகலம். அதைக்கூட விட மனசு வரவில்லை. அப்போது தெரிந்துவிட்டது, ஹோலில் வந்த கோபம் யார் மேல் என்று.

மறுநாள் பின்னேரம் அவர் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் இழுத்துப்போட்ட கட்டில் மேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு விடவும் இடம் வேண்டுமா என்ன? தோளை இறக்கினேன். இழுத்தேன், விட்டேன். யார் கேட்டால் என்ன என்று சத்தமாகவே விட்டேன்.

சுவருக்கு மேலே இன்னொரு மூச்சு கேட்டது. தட்டுத்தடுமாறி, இடையில் அறுந்து, மறுபடி நீளமாக. நான் நிறுத்தினேன். அது நிற்கவில்லை. நான் இழுக்கும்போது அதுவும் இழுத்தது.

"ஏய், என்னாடி அங்க?" என்று அந்த வீட்டுக்காரரின் குரல் வந்தது.

அக்காவின் மூச்சு அறுந்தது. நான் கட்டில் மேல் எழுந்து நின்றேன். என் தலை சுவர் விளிம்புக்கு எட்டியது.

"மூச்சு விடுறோம்!" என்று கத்தினேன். "அதையும் ஒங்ககிட்ட கேட்டுத்தான் விடணுமா?"

இஸ்தோப்பில் என் கணவர் கோப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் அக்கா மறுபடி மூச்சை இழுத்தார்.