சிரித்துக்கொண்டே அழித்த வரி

கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஊட்டியில் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்கால வேளை. எங்கள் கம்ப்யூட்டர் லேபில் ப்ராஜெக்ட் தேர்வு நடந்தது. அன்றைக்குக் கடைசி ஆள் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்களுக்கு லைன் வீடு, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியதில் ஒன்று. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கு அதே எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் கல்லூரியில் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அப்பா, "பெட்டியில படிக்கிறான்" என்று சொல்வார்.

எங்கள் ஊரில் யானை அதிசயம் கிடையாது. மற்ற ஊர்களில் மழை வருமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது போல, நாங்கள் யானை எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புவோம். கேட்காமல் போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. அதனால்தான் ப்ராஜெக்டுக்கு யானையையே எடுத்துக்கொண்டேன்.

இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த பாடம் ஒன்றைப் பார்த்து, ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கில், யானை நிற்கும் இடத்தைச் சொல்லும் வெப் பக்கம் ஒன்றைக் கட்டினேன். சுவரும் கூரையும் ஏற்கெனவே போட்டுக் கொடுத்த வீடு மாதிரிதான் ஃபிரேம்வொர்க். உள்ளே அறைகளை நாம் தடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பாடத்தில், செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் பக்கம் ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வேலையைச் சேர்க்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், முடிந்துவிட்டால் அழிக்கலாம். நான் வேலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யானையை வைத்தேன். டேட்டாபேஸில் ஒரே ஒரு டேபிள். இடம், விவரம், சொன்னவர் பெயர், அவ்வளவுதான். போனில் திறந்து யார் வேண்டுமானாலும் போடலாம், யானை போய்விட்டால் அழித்துவிடலாம்.

மார்க்குக்காகச் செய்த இந்தப் பக்கம், நானே எதிர்பார்க்காத அளவுக்கு லைனில் பரவிவிட்டது. அம்மாவோடு கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் பத்தாவது வரை படித்தவர். சாயங்காலம் பறித்த இலையை ஷெட்டில் எடைபோட்டு முடிந்ததும், கூடையைத் தூக்குவதற்கு முன்னால், அங்கேயே நின்று அவர் போனைத் திறந்து சத்தமாக வாசிப்பார். சிக்னல் ஷெட் இருக்கும் மேடு மாதிரி உயரமான இடத்தில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அவர் "ஒண்ணும் இல்ல, வாங்கடி" என்றால்தான் எல்லோரும் இறங்குவார்கள். ஷெட்டிலிருந்து லைனுக்கு இரண்டு வழி. ஒன்று பாலத்து வழி, இன்னொன்று கோயில் மேட்டு வழி.

அப்பா மட்டும் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. பொங்கல் லீவில் போயிருந்தபோது, எழுதத் தெரியாவிட்டாலும், மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக மைக்கை அழுத்தி இடம், விவரம், பெயர் என்று பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று காட்டினேன். "போடா, தனியா நின்னு போன்கிட்ட பேச எனக்கென்ன கிறுக்கா?" என்று எழுந்து போய்விட்டார்.

தேர்வுக்கு வருகிறேன். லேபில் எங்கள் ஆசிரியர்களோடு, கோயம்புத்தூரிலிருந்து தேர்வாளராக வந்த ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் என் ரூம்மேட். ஊட்டிப் பக்கம் இத்தலார்க்காரன், வீட்டில் கேரட் விவசாயம். நான் சைகை காட்டியதும் அவன் போனிலிருந்து ஒரு பொய்ப் பதிவு போட வேண்டும். அது திரையில் வரும். அதைத் திருத்திக் காட்டி, கடைசியில் அழித்துக் காட்டுவேன். இதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்கு இருந்தது ஒரே டேட்டாபேஸ்தான். ஊர்க்காரர்கள் நிஜத்தைப் போட்டதும் நான் டெஸ்ட் என்று கண்டதைப் போட்டதும் எல்லாம் அதற்குள்தான். அது தப்பு என்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

சைகை காட்டினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். திரையில் புதுப் பதிவு வந்து நின்றது. புள்ளி இல்லை, கமா இல்லை. விவரம் என்ற இடத்தில் இப்படி இருந்தது:

"ஒத்த யானை நிக்கிறான் காத ஆட்டிக்கிட்டு நிக்கிறான் பொம்பளையாளுகள இந்தப் பக்கம் விடாத டேய் போன எடுடா"

சொன்னவர் பெயர்: அப்பா.

லேப் முழுக்கச் சிரித்தது. தேர்வாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டுக்கு அதுதான் பொழுதுபோக்கு. என் அப்பா போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, "டேய் போன எடுடா" என்று அப்படியே பேசிக்காட்டுவான். பாவி, தேர்விலுமா என்று நினைத்துக்கொண்டேன்.

"மன்னிக்கணும் மேடம், இது டெஸ்ட் பதிவு" என்றேன். "இதை வைத்தே அழிப்பதைக் காட்டுகிறேன்."

பொத்தானை அழுத்தினேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. தெரியாமல் கை பட்டு அழிந்துவிடாமலிருக்க இப்படி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே 'ஆம்' என்பதை அழுத்தினேன். வரி போய்விட்டது. கைதட்டினார்கள்.

அப்போதுதான் ரூம்மேட் பின்வரிசையிலிருந்து எழுந்து வேகமாக வந்தான். என் காதருகே குனிந்து சொன்னான்:

"டேய், எனக்கு நெட்டே கிடைக்கலடா. நான் எதுவுமே அனுப்பல."

ஒரு நொடி எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகுதான் அப்பா என்ற பெயர் உறைத்தது. தேர்வுக்காக அணைத்து வைத்திருந்த போனைப் பையிலிருந்து எடுத்து ஆன் செய்தேன். வரிசையாக மெசேஜ் வந்து விழுந்தது. எல்லாம் தவறிய அழைப்புகள். எல்லாம் அப்பாவின் நம்பர்.

திருப்பி அடித்தேன். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. அம்மா தேயிலைக் காட்டுக்குப் போன் கொண்டுபோவதில்லை. அந்த அக்காவுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். இலை நிறுக்கிற நேரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்கா போனைத் திறப்பார். பக்கம் காலியாக இருக்கும். "ஒண்ணும் இல்ல, வாங்கடி" என்பார். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருப்பார்.

பஸ் ஏறினால் அரைநாள் தூரத்தில் நான் நிற்கிறேன். அந்த வரியைத் திரும்பப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆனால் எந்த வழியில் யானை? விவரத்தைப் படித்துச் சிரித்தேனே தவிர, இடம் என்ற கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. பாலமா, கோயில் மேடா? மாற்றிப் போட்டால் நானே அவர்களை யானைக்கு நேராக அனுப்பியதாகிவிடும். இடம் சொல்லாமல் 'யாரும் போகாதீங்க' என்று மட்டும் போட்டால் நம்ப மாட்டார்கள். நான் போட்டுவந்த டெஸ்ட் பதிவுகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அழித்ததை மீட்க ஏதாவது வழியுண்டா என்று டேட்டாபேஸைத் திறந்து தேடினேன். இல்லை. நான் கட்டிய வீட்டில் அப்படி ஓர் அறையே இல்லை.

"மேடம், அது நிஜம். எங்க அப்பா போட்டது. எங்க அம்மா இப்ப அந்தப் பக்கம்தான் இறங்கி வருவாங்க" என்றேன்.

தேர்வாளர் அம்மா சட்டென்று எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, பதறாதீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு அனுப்பலாம்னு நான் அதைப் போட்டோ புடிச்சனுங்க. அப்பான்னு பேர் போட்டிருந்துச்சல்லங்க, சிரிப்பா இருந்துச்சு. இருங்க, காட்டறேன்."

அவர் போனில் என் திரை அப்படியே இருந்தது. இடம் என்ற கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். 'தண்ணி டேங்கு கீழ பாலத்து வழி.'

அவர் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். பெயர் என்ற இடத்தில் அப்பா என்றே போட்டேன். சேமித்தேன். திரையில் வரி வந்தது. யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மார்க் போட வேண்டிய ஆசிரியர்களும் பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி புதுப்பித்தேன். ஒன்றும் இல்லை. என் ரூம்மேட் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு புது வரி வந்தது. அக்காவின் பெயர்.

"தம்பி பாத்துட்டோம் எல்லாரும் ஷெட்ல இருக்கோம் உங்கம்மா இங்கதான் இருக்காங்க"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது முழுவதும் அன்று ராத்திரிதான் தெரிந்தது. பாலத்தருகே ஒற்றை யானையைப் பார்த்த அப்பா தண்ணீர் டேங்க் மேல் ஏறியிருக்கிறார். எனக்கு அடித்து அடித்துப் பார்த்து, நான் எடுக்காததால், பொங்கலுக்குக் காட்டிய மைக்கை அழுத்தியிருக்கிறார். பேசி முடித்ததும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஷெட்டிலிருந்து தகவல் போய், வனத்துறை ஆட்கள் வந்து யானையை விரட்டிய பிறகுதான் இறங்கினாராம்.

அதைவிட என்னை உலுக்கியது அக்கா சொன்னது. பக்கம் காலியாக இருந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டார். எல்லோரும் கூடையைத் தூக்கிப் பாலத்து வழியில் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். செடி கீறாமல் இடுப்பில் கட்டும் படங்குத் துணியை ஒருவர் ஷெட்டிலேயே மறந்துவிட்டதால், எடுத்துவரத் திரும்ப ஓடினார். மற்றவர்கள் அவரைத் திட்டிக்கொண்டு ஷெட் மேட்டிலேயே நின்றார்கள். நின்ற இடத்தில் பொழுது போகாமல் அக்கா போனை மறுபடி திறந்தார். அவ்வளவுதான். ஒரு மறந்துபோன படங்கும் ஒருவருடைய சிரிப்பும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த நாள் போனில் அப்பாவிடம் கேட்டேன்.

"பேருன்னு இருந்த இடத்துல உங்க பேரைச் சொல்லாம எதுக்கு அப்பான்னு சொன்னீங்க?"

"நீதானடா படிப்ப? உனக்கு நான் யாரு?"

இப்போது நான் கோத்தகிரியில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை செய்கிறேன். நான் எழுதும் எந்தப் பக்கத்திலும் எதுவும் முழுதாக அழியாது. கண்ணுக்கு மறையும், உள்ளே இருக்கும். டெஸ்டுக்கு எப்போதும் தனி டேட்டாபேஸ். உடன் வேலை செய்பவர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். லைனில் அந்தப் பக்கம் இன்னும் ஓடுகிறது. அப்பாவும் இப்போது வாரம் தவறாமல் அதில் பேசுகிறார். அந்தப் பழைய வரியும் அழியாமல் உள்ளே இருக்கிறது. ஆனால் அது நான் தட்டிய நகல். பள்ளிக்கூடமே போகாத என் அப்பா வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய வரியை, 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்ட பிறகும் சிரித்துக்கொண்டே அழித்தவன் நான் என்பது, ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி திரையில் வரும்போதும் என் விரலைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது.