கூரையைத் தாங்கிய பாய்மரம்

பிள்ளைகளே, அக்காள்மடத்துக் கடற்கரையில் மீனவர் ஒருவரைப் பார்த்தேன். கழுத்தில் சிலுவை, கையெல்லாம் கிரீஸ் கறை. தன் எஞ்சின் படகின் டீசல் டாங்கிக்குள் குச்சியை விடுவார்; ஈரமில்லாமல் வரும் அதை முகர்ந்து பார்ப்பார். எங்கோ தூரதேசத்துச் சண்டையில் கப்பல்கள் போகும் கால்வாயை அடைத்துவிட்டார்களாம், இங்கே டீசல் வரவில்லை.

“காத்து நல்லா அடிக்குதே, பாய் விரிச்சுப் போகலாமே?” என்றேன்.

“எஞ்சின் வந்ததும் பாய்மரத்த வீட்டுக்கு உத்தரமாப் போட்டுட்டேன் அண்ணே. உருவுனா கூரை விழும். உருவாட்டி உலை கொதிக்காது.”

“கரையோரமா வலை வீசுனா?”

“நாங்க சிந்துன எண்ணெய்தான் இங்கன மிதக்குதே! மீனெல்லாம் டீசல் வாடை. வீட்டுப் பூனையே மூஞ்சியத் திருப்பிக்கிருது.”

சிரித்தார். சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் குச்சியை விட்டுக்கொண்டிருந்தார். காற்று அவர் சட்டையைப் பாய்போல் உப்ப வைத்திருந்தது.