ராகு காலத்தில் ஒரு ஜோடி ராஜா

எங்கள் அக்கா புருஷன் தனகோடியைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டுமென்றால் எழுதலாம். மனிதர் குடிக்க மாட்டார், யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டார். அவர் நெய்த பட்டுச் சேலையில் ஒரு இழை தப்பியது என்று ஆரணியில் எந்த முதலாளியும் சொன்னதில்லை. ஆனால் அவரோடு ஒரே ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நான் அவரோடு பல வருஷம் போய் வந்தவன்.

செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் கடை மொத்தத்தையும் இறக்கிப் போடுவார். மாமா ஒவ்வொன்றையும் மாட்டி நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வர்றோம்" என்று வெறுங்காலோடு திரும்புவார். வேலூர் பஸ் வந்து நின்றால் ஏற மாட்டார். "இதுல ஒரே கும்பலா இருக்குது. பின்னாடி ஒண்ணு காலியா வரும்" என்பார். பின்னால் வருவதில் படிக்கட்டிலேயே ஆள் தொங்கிக்கொண்டு வரும். அப்போது முன்னால் போன பஸ்ஸே நல்ல பஸ் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அக்கா கற்பகத்தைப் பெண் பார்க்க வந்தபோதே இந்தக் கதைதான். கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர் ஒரு தகவலும் சொல்லவில்லை. ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. என் அப்பா பொறுக்க முடியாமல் நேரே போய்க் கேட்டார்.

"யோசிச்சிகினு இருக்கேன் மாமா" என்றாராம் இவர்.

"நீ யோசிச்சி முடிக்கறதுக்குள்ள எம் பொண்ணு கெழவி ஆயிடுவா. ஜல்தி ஒரு முடிவ சொல்லுப்பா."

கடைசியில் அவருடைய அம்மாதான் தாம்பூலம் மாற்றினார். எதற்கெடுத்தாலும் இவரிடம் ஒரு பழமொழி இருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார். பொறுத்தார் பூமியாள்வார் என்பார். சட்டைப் பையில் ஒரு பாக்கெட் பஞ்சாங்கம் வேறு. ராகு காலத்தில் தறியில் புதுப் பாவு ஏற்ற மாட்டார், எமகண்டத்தில் முடி வெட்டிக்கொள்ள மாட்டார். மிச்சமிருக்கும் நேரத்தில் யோசிப்பார்.

இத்தனை யோசனைக்கும் நடுவில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, சீட்டாட்டம். அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்றைக்குக் காலையிலேயே தெருமுனை வாசகசாலையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பாய் விரித்து மூணு சீட்டு ஆடுவார்கள். கையில் விழும் மூன்று சீட்டு நன்றாக இருந்தால் பந்தயம் வைக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்; பந்தயத்துக்குக் காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ஆளுக்கு ஒரு படி கொட்டை. அது தீர்ந்தால் எழுந்து பேப்பர் படிக்கப் போய்விட வேண்டியது.

எழுபத்தெட்டாம் வருஷம் தை அமாவாசைக்கு இது போட்டியாக மாறியது. காரணம் பட்டு முதலாளி ஜெயச்சந்திரன். முதல் பரிசாக அவர் ஒரு புத்தம்புது ஜக்கார்டு பெட்டியைக் கொண்டுவந்து வாசகசாலை நடுவில் வைத்துவிட்டார்.

அது என்ன பெரிய பெட்டி என்று கேட்கலாம். சேலையில் மயிலும் மாங்காயும் விழ வேண்டுமென்றால் அந்தந்த இழையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே மாட்டினால், நெய்கிறவர் மிதிக்கிற மிதியிலேயே அது தூக்கிக் கொடுக்கும். பெட்டி இல்லாத வீட்டில் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு கயிறாக இழுக்க வேண்டும். மாமா வீட்டில் அந்த ஆள் என் அக்கா. கல்யாணமான மறு மாதத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். வலது தோள் இறங்கிப்போய், தலை பின்னக் கையைத் தூக்க முடியாத நிலைக்கு வந்திருந்தாள். வைத்தியர் தைலம் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில், கயிறு இழுப்பதை விட்டால் தோள் மிஞ்சும், விடாவிட்டால் கை மொத்தமாக விழுந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெட்டி வாங்குவதைப் பற்றி மாமா இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

போட்டி அன்று காலை அக்கா என்னிடம் சொன்னாள்: "ஜெகநாதா, நீதான நடுவரு? அவர கொஞ்சம் ஆட வைடா. வாசல்லயே நின்னுகினு யோசிக்கப் போறாரு."

நடுவர் வாயைத் திறக்கக் கூடாது, அக்கா. அதுதான் நடுவர் வேலை என்றேன்.

ஆனால் என்ன ஆச்சரியம், மாமா அன்றைக்கு ஜெயித்துக்கொண்டே வந்தார். மூணு சீட்டில் யோசிக்கிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. மோசமான சீட்டுக்குக் கொட்டையைக் கொட்ட மாட்டான். மற்றவர்கள் அவசரப்பட்டுத் தோற்றுத் தோற்று எழுந்து போனார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது மிச்சம் இரண்டே பேர்: மாமாவும், சைக்கிள் கடை ராஜவேலுவும்.

ராஜவேலுவுக்கும் தறிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பஞ்சர் ஒட்டுகிறவன். ஜக்கார்டு பெட்டியை வைத்து அவன் என்ன செய்வான், கடை வாசலில் தொங்கவிடுவானா? அவனுக்கே அது தெரியும். மேலும் அன்று சாயங்காலம் சேத்துப்பட்டில் அவன் மச்சினிச்சிக்கு நிச்சயதார்த்தம். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் பெண்டாட்டி தோலை உரித்துவிடுவாள் என்று மத்தியானத்திலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான்.

மூன்றரை இருக்கும். சீட்டுப் போட்டார்கள். ராஜவேலு தன் மூன்று சீட்டையும் தொடக்கூட இல்லை. குப்புறக் கிடந்தது கிடந்தபடியே இருக்க, தன் கொட்டை மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான்.

"தனகோடிண்ணே, நான் சீட்ட பாக்கல. பிளைண்டு. எல்லாத்தியும் வச்சிட்டேன். நீயும் வை, ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு நான் கெளம்பறேன். பஸ்ஸு போயிடும்."

சீட்டைப் பார்க்காமல் வைப்பதற்குப் பிளைண்டு என்று பெயர். மாமா தன் சீட்டை விரித்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது. இரண்டு ராஜா, ஒரு ஏழு. எதிரே இருப்பவனுக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பத்து தடவை ஆடினால் ஒன்பது தடவை ஜோடி ராஜா ஜெயிக்கும். சின்னக் குழந்தையைக் கேட்டால்கூட வை என்று சொல்லும். மாமாவிடம் ராஜவேலுவை விட ஒரு கைப்பிடி அதிகமாகவே கொட்டை இருந்தது. வைத்து ஜெயித்தால் அந்த நிமிஷமே பெட்டி அவருடையது, அக்காவின் தோள் அக்காவுடையது.

மாமா சீட்டை மடக்கிக் கீழே வைத்தார். சட்டைப் பையில் கை விட்டார். பஞ்சாங்கம் வெளியே வந்தது.

"செவ்வாக்கெழம" என்றார். "மூணுலருந்து நாலரை ராவு காலம். நாலரை ஆவட்டும், சொல்றேன்."

வாசகசாலையே ஓவென்று கத்தியது. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கந்தசாமி வாத்தியார் எழுந்தே வந்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, வைக்கிறீங்களா, வுடுறீங்களா? நடுவர் கேக்கறேன்" என்றேன்.

"எவ்ளோ நேரத்துல சொல்லணும்னு சட்டம் கீதா?"

சட்டம் இல்லை. இப்படி ஒரு பிறவி ஆட வரும் என்று தெரிந்திருந்தால் எழுதி வைத்திருப்போம். காத்திருந்தோம். எதிரே சுவரோரம் ஜக்கார்டு பெட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா வெற்றிலை போட்டார், எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார், திரும்பவும் சீட்டைப் பார்த்தார். ராஜா இரண்டும் எங்கேயும் போய்விடவில்லை.

"யோவ், இன்னா பேஜாரா போச்சி உன்னோட" என்று ராஜவேலு முனகினான். சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டான். பிறகு கைக்கு வேலை இல்லாமல் என்ன செய்தான் என்றால், கீழே கிடந்த தன் சீட்டை எடுத்துப் பார்த்தான்.

அதுவரைக்கும் அவன் முகத்தில் படிக்க ஒன்றுமே இல்லை. தெரியாதவன் முகத்தில் என்ன இருக்கும்? அதுவரைக்கும் அவனால் ஏமாற்றவே முடியாது. மாமா யோசித்து யோசித்து அவனுக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்துவிட்டார்.

ராஜவேலு சீட்டைப் பார்த்தான். ஒரு சீழ்க்கை அடித்தான். விசிறுவதை நிறுத்திவிட்டுச் சட்டையைப் போட்டு, பட்டனெல்லாம் மாட்டினான். வாசலைப் பார்த்து டீக்கடைக்காரருக்குக் குரல் கொடுத்தான்.

"மாஸ்டர், இங்க கீற எல்லாருக்கும் டீ. எங் கணக்கு." பிறகு மாமாவைப் பார்த்து, "நிதானமா யோசிண்ணே. அடுத்த பஸ்ஸுல கூட போய்க்கறேன்" என்றான்.

மாமாவின் நெற்றி வேர்த்தது. இத்தனை நேரம் பறந்தவன் ஏன் உட்கார்ந்துவிட்டான்? டீ வேறு வாங்கித் தருகிறானே! மூணு ஆசு இருக்குமோ, வரிசையாக ஒரே ஜாதிச் சீட்டு இருக்குமோ? அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். வை மாமா, வை மாமா என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நடுவர் என்ற ஒரு பாழாய்ப்போன பதவிக்காக விழுங்கினேன்.

நாலரை ஆயிற்று. ராகு காலம் முடிந்தது. நல்ல நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து, மாமா ஜோடி ராஜாவைக் குப்புறப் போட்டார்.

"வுட்டுட்டேன்."

ராஜவேலு தன் சீட்டைத் திருப்பினான். ரெண்டு, அஞ்சு, ஒம்போது. ஒன்றுக்கொன்று ஒட்டில்லை, உறவில்லை. சிரிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை, கொட்டையை வாரிக்கொண்டான். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. அவன் சும்மா பல்லைக் காட்டினாலே மாமா சீட்டைப் போட்டுவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ராஜவேலு ஐந்து மணி பஸ்ஸையும் பிடித்துவிட்டான், ஜக்கார்டு பெட்டியை மேல் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு. சேத்துப்பட்டில் யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி.

நானும் மாமாவும் வீட்டுக்கு நடந்தோம். வழியில், "அவன் டீ சொல்லாம இருந்திருந்தா வச்சிருப்பேன்" என்றார். நான் வேகமாக முன்னால் நடந்தேன். பதில் சொல்லியிருந்தால் உறவு அறுந்திருக்கும்.

செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. அக்கா வாசலில் நின்றிருந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"அவன் சீட்ட பாக்காமயே வச்சான்" என்றாள். "நீங்க பாத்துட்டும் வைக்கல."

"கற்பகம், அவசரப்பட்டா..."

"கை கால் கழுவிகினு வந்து சாப்பிடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் தோளுக்குத் தைலம் கொடுக்க நான் போனபோது தறிக் குழி காலியாக இல்லை. மாமா தினமும் உட்காருகிற இடத்தில் அக்கா காலை இறக்கி உட்கார்ந்திருந்தாள். எங்கள் அப்பா வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் நெய்தவள்தான். ஊடு இழை ஓட்டும் நாடாவை இடது கையால் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பல் துலக்கிவிட்டு உள்ளே வந்து அப்படியே நின்றார்.

"இன்னா இது?"

"இனிமே நெய்யறது நானு. கயிறு இழுக்கறது நீங்க. எதை இழுக்கணும்னு நான் சொல்றேன். யோசிக்கிற வேலயே அதுல கெடையாது."

நான் தைலப் புட்டியோடு நின்றேன். மாமா சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். நல்ல நேரமா கெட்ட நேரமா என்று கேட்காமல், பக்கத்தில் போய் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார்.