சித்தியின் இடது கால்

சித்தியின் உடம்புக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான அவளை, ஓர் ஐப்பசி மாதம் திருநகரில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, டி. கல்லுப்பட்டிப் பக்கம் மழையில் கரை சரிந்து, அவள் வந்த பஸ் கண்மாய்க்குள் கவிழ்ந்திருந்தது. ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். சித்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. “புண்ணியம் பண்ணவ” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் சித்தி தன் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள்.

கறிவேப்பிலை உருவிக்கொண்டே இருப்பாள். திடீரென்று கை நின்றுவிடும். கண் திறந்திருக்கும், மூச்சு இருக்காது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இருபத்தெட்டு வரை போயிற்று. பிறகு முங்கி எழுந்தவள்போல் ஒரு பெரிய மூச்சு. விட்ட இடத்திலிருந்து மறுபடி உருவத் தொடங்குவாள். குழாயடியில் குடம் நிறையும் சத்தம் கேட்டால் தெருவுக்குப் போய் நின்றுகொள்வாள். சில நேரம் உடம்பெல்லாம் கல்லாக இருக்க, அந்த இடது கால் மட்டும் வெடுக்கென்று உதறும். அதைத் தன்னுடைய கால் இல்லை என்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா மாத்திரை வாங்கி வந்தார். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். மாத்திரை அவளைத் தூங்க வைத்தது. கயிறு சாயம் போனது.

அதன் பிறகுதான், யாரோ சொல்லி, பழங்காநத்தத்திலிருந்து ஓர் அம்மா வர ஆரம்பித்தார். உடம்பு வழியாகப் பயத்தைக் குணமாக்கும் ஏதோ பயிற்சியை வெளியூரில் கற்று வந்தவர் என்றார்கள். மருந்துப் பெட்டி இல்லை, ஊசி இல்லை. முதல் நாளே என் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

“நடந்ததச் சொல்லுன்னு நான் கேக்கப் போறதில்ல. ஒடம்பு என்ன செய்ய நெனைக்குதுன்னு மட்டும் பாப்போம்.”

“பேசாம எப்பிடிங்க சரியாகும்?” என்றாள் அம்மா.

“பயம் வாயிலயா இருக்கு? கால்ல இருக்கும்மா. அன்னைக்குச் செய்ய வந்தத இன்னும் முடிக்காம நிக்குது.”

இதைக் கேட்டதும் என் கண்டுபிடிப்பு உறுதியாயிற்று. படித்தவரே சொல்லிவிட்டார், அது காலில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருவார். அந்த வெயிலில் தெருவே வாயடைத்துக் கிடக்கும். நான் பக்கத்து அறை ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொள்வேன். சித்தி பாயில் முழங்காலை மடக்கி, பாதம் தரையில் படியப் படுத்திருப்பாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு முழங்கால்கள் தாமாக நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கம் தொடைக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, தாடை வரை வந்து பல் கிட்டும். பாயை ஒட்டி நின்ற பீரோவின் கைப்பிடி கிணுகிணுக்கும். அந்த அம்மா தொடமாட்டார். “விடுங்க, ஆடட்டும். நிறுத்தாதீங்க. நீங்க உங்க அக்கா வீட்டுக்குள்ள இருக்கீங்க, வெளிய வெயிலடிக்குது” என்பார். மூச்சுக்கு ஏற்ப மெல்லிய குரலில் எண்ணுவார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர் என்பதால் அந்த மொழியிலேயே எண்ணினார். நான் அதை மந்திரம் என்று முடிவு செய்திருந்தேன்.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, நடுக்கத்தின் நடுவே சித்தியின் இரண்டு கைகளும் எழுந்து அந்தரத்தில் எதையோ தள்ளின. விரல்கள் கண்ணாடியில் அழுந்தினாற்போல் வெளுத்திருந்தன. இடது கால் நீண்டு அப்படியே விறைத்து நின்றது. யாரோ கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுப்பதுபோல் இருந்தது. உண்மையில் அந்த இடத்தில் தோல் உள்ளே அமுங்கியதைப் பார்த்தேன். இன்றைக்கும் அதைப் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

எனக்கு என்ன வந்ததோ, உள்ளே ஓடினேன். பேயின் பிடியிலிருந்து விடுவிப்பதாக நினைத்து அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

சித்தி உதைத்தாள். பீரோவில் போய் மோதினேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவை, “தொடாதீங்க, கொஞ்சம் பொறுங்க” என்று அந்த அம்மா தடுத்துவிட்டார். சித்தி எழுந்து உட்கார்ந்து என்னை வெறித்தாள். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பற்றி, பாயின் மேல் இழுத்து, மடியில் ஏற்றிக்கொண்டாள்.

“தூக்கிட்டேன்… மேல தூக்கிட்டேன்” என்றாள்.

“பேய் போயிருச்சா சித்தி?” என்று கேட்டேன். விபத்துக்குப் பிறகு அவள் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பேயை விரட்டிய கதையைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கிழிந்த உதட்டோடு சொன்னபோது எனக்கு இருந்த மரியாதையே வேறு.

சித்தி அன்றோடு சரியாகிவிடவில்லை. மாசி வரை அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. கறிவேப்பிலை நிற்காமல் உருவப்பட்டது. நான் உதை வாங்கிய அன்று சாயங்காலம் சித்தி அம்மாவிடம் சொன்னதை, நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். பஸ்ஸில் சித்திக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு சிறுமி, என் வயதுதான், தன் ஊர்க் கதையெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். தண்ணீருக்குள், இருட்டில், ஒரு சின்னக் கை சித்தியின் இடது கணுக்காலைப் பிடித்தது. சித்தி உதைத்துவிட்டு மேலே வந்தாள்.

இதெல்லாம் தெரியாமல்தான், பங்குனியில் சித்தி ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்றபோது நான் துணைக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு அவள் பஸ் ஏறியது அன்றுதான். கல்லுப்பட்டி தாண்டி, பருத்திக் காட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு. சுவரில் ரோஸ் கவுன் போட்ட பெண்ணின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். காட்டு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவளுடைய அம்மா, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீயும் அதே பஸ்ஸுலயா வந்த தாயி? எம்புள்ள கடைசியா எதுவும் சொன்னாளா?”

சித்தி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். “அம்மான்னு கூப்பிட்டா அக்கா. பயப்படல. எங் கையத்தான் புடிச்சிருந்தா.”

அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தியிடம் கேட்டேன்.

“தண்ணிக்குள்ள வாயத் தொறந்தா தண்ணிதான போகும்? எப்பிடி அம்மான்னு கூப்பிட முடியும்?”

வாளிக்குள் முகத்தை வைத்துக் கத்திப் பார்த்த அனுபவம் எனக்கு இருந்தது. சித்தி இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்து மீதி வழியெல்லாம் சந்தோஷமாக வந்தேன். வீட்டுக்கு வந்ததும், சித்தி அந்த வீட்டில் பொய் சொன்னாள் என்று அம்மாவிடம் கோள் மூட்டினேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சித்தி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே ஒரு பொய்க்கு எதற்கு இரண்டு பேர் சேர்ந்து அழவேண்டும் என்று கதவுக்கு வெளியே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.