காலி பண்ண மாட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. சொந்த ஊர் சிங்காரப்பேட்டை பக்கம். ஓசூரில் பெண்கள் விடுதி ஒன்றில், அறைக்கு நான்கு பேராகத் தங்கியிருந்தோம்.

ஒருநாள் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் சூடு கையில் பட்டுக் கொப்புளம் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவள்தான் கத்தினாள். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அந்த இடத்தில் ரொம்ப நாளாக வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. கம்பெனி நர்ஸ் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெப்பமண்டல நோய்களுக்கென்றே தனியாகப் படித்தவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

"தொழுநோய்ம்மா. ஆரம்பம்தான். ஆறு மாசம் மாத்திரை போட்டா குணமாயிடும். வேலைக்குப் போ, எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடு."

அழுதேன். அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். "நான் இதைப் படிக்கப் போனப்ப கூடப் படிச்சவங்க சிரிச்சாங்க. ஏழைங்க நோயைப் படிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேட்டாங்க. இருபது வருஷமாச்சு, இன்னும் பதில் சொல்லல. எனக்கு வேலை இருக்கு" என்றார்.

மாத்திரை அட்டையைத் தலையணைக்குள் ஒளித்து வைத்தேன். வார்டன் அக்கா அதைக் கண்டுபிடித்து, போனில் மருந்தின் பேரைத் தேடிப் பார்த்துவிட்டார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் பெட்டி வராண்டாவில் கிடந்தது.

"நாளைக்கே காலி பண்ணிடும்மா. மத்த பொண்ணுங்க பயப்படுறாங்க."

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். "காலையில வரேன். நோயைப் பத்தி நான் பேசுறேன். இருக்கறதா, போறதான்னு நீதான் பேசணும். நான் சண்டை போட்டு இருக்க வெச்ச யாரும் பத்து நாள் தாங்கல."

சொன்னபடி வந்தார். சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். தட்டு, பக்கெட் தனியாக வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். "வேண்டாம். மருந்து ஆரம்பிச்சாச்சு, இவகிட்டயிருந்து யாருக்கும் வராது" என்றார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார். என் முறை.

"அக்கா, நான் காலி பண்ண மாட்டேன். மாத்திரையை ஒளிச்சு வெச்சதுதான் என் தப்பு. இனிமே எல்லார் முன்னாடியும் போடுவேன். பெட்டியை மறுபடி வெளிய வெச்சா கேட்லயே உக்காருவேன். ஏன்னு கேக்கற எல்லாருக்கும் சொல்லுவேன்."

வார்டன் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். "ஓனர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"என் பேரைச் சொல்லுங்க."

பெட்டியை நானே உள்ளே இழுத்துப் போனேன். யாரும் கை கொடுக்கவில்லை. அறையில் இரண்டு பேர் வேறு அறைக்கு மாறினார்கள். மூன்றாவது ஆளான மதுரைக்காரி மட்டும் போகவில்லை. "நல்லதாப் போச்சு, இனிமே ஃபேனுக்குக் கீழ இருக்கற இடம் எனக்குத்தான்" என்று படுக்கையை நகர்த்திப் போட்டாள்.

தினமும் காலையில் அந்த ஹாலில் நின்றே மாத்திரையை விழுங்கினேன். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓனர் கேட்கவே இல்லை. ஆறாவது மாதம், "முடிஞ்சுதும்மா, கிளம்பு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இன்றும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே கூட 'முடியாது' என்று சொல்லலாம் என்பது மட்டும் அன்றிலிருந்து எனக்குத் தெரியும்.