வளவில் நின்ற நம்பர் இல்லாத கார்

திருகோணமலையில் மூதூர்ப் படகு புறப்படும் ஜெட்டிக்குக் கிட்ட, வேப்பமரம் நிற்கும் வளவு றுக்கியாவுடையது. கணவர் மௌத்தான பிறகு அந்த வளவுதான் அவருக்குச் சோறு போடுகிறது. படகேறி மூதூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் மோட்டார் சைக்கிளை அங்கே விட்டுப் பின்னேரம் எடுத்துப் போவார்கள். றுக்கியா துண்டுச்சீட்டு கொடுப்பதில்லை, பெயர் கேட்பதில்லை. முகத்தைப் பார்ப்பார், அது போதும். வைத்த கையைத் தவிர வேறு கைக்கு வண்டியைக் கொடுக்கமாட்டார். ஒருமுறை ஒருவருடைய சொந்தத் தம்பியே வந்து கேட்டபோதும், அண்ணன் படகால் இறங்கும்வரை அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாரே தவிர வண்டியைக் கொடுக்கவில்லை. அடுத்த வளவில் இருப்பதால் இது நான் கண்டது.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் ஒரு ட்ரக்டர் வெள்ளைக் கார் ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து அவருடைய வாசலில் நின்றது. காருக்கு முன்னாலும் நம்பர் தகடு இல்லை, பின்னாலும் இல்லை. கூட வந்தவர் இறங்கி ஓடிவந்தார்.

"அக்கா, நான் வினோதன், நிலாவெளி. அங்கால ரோட்டில பொலிஸ் நிக்குது. நம்பர் இல்லாததை இழுத்தா தானும் மாட்டுவன் எண்டு ட்ரக்டர்காரன் மறுக்கிறான். நாளைக்குப் பின்னேரம் லொறியோட வாறன். அதுவரைக்கும் நிக்கட்டும்."

கண் சிவந்து, உடம்பெல்லாம் வேர்த்திருந்தது அவருக்கு. றுக்கியா கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் வினோதன் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

மூதூரில் படிப்பிக்கும் ஜெஸ்மின் ஒருநாள் ஸ்கூட்டியை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"றுக்கியாத்தா, கோவிக்காதீங்க. களவெடுத்த கார் எண்டு படகுல கதைக்கிறாங்க. பொலிஸ் வந்தா வளவுல நிக்கிற எல்லா வண்டியையும் கொண்டு போகுமாம்."

"உங்கட ஸ்கூட்டிய கொண்டுபோய் பொலிஸ் என்ன செய்யிற? ஹோர்னும் அடிக்காது, பிறேக்கும் பிடிக்காது."

ஜெஸ்மின் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் அவருடைய ஸ்கூட்டி வேப்பமரத்தடியில் இல்லை. மாத முடிவில் பாதி வளவு வெறுமையாகிவிட்டது.

மருமகன் ஹஸ்மிக்கு இது பொறுக்கவில்லை.

"மாமி, நாலு பேர் சேந்தா இதைக் கடற்கரை ரோட்டுல தள்ளி விட்டுரலாம். பிறகு அது நம்மட கார் இல்ல."

"இப்பயும் அது நம்மட கார் இல்லதான். தள்ளிவிட்ட இடத்துல ஆரும் இருட்டுல வந்து முட்டினா? பெட்டரிய ஆரும் கழட்டினா? அந்த மனிசன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"அப்ப வெச்சுக்கொண்டே இருக்கப் போறீங்களா? உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு ஒண்டெண்டா அவரைப் பிடிக்க மாட்டாங்க. வளவுக்காறியைத்தான் பிடிப்பாங்க."

ஹஸ்மி சொன்னதில் பிழையில்லை. கார் யாருடையதாக இருந்தாலும் கேள்வி வளவுக்குத்தான் வரும். றுக்கியாவுக்கும் அது தெரியும். பொலிஸுக்குச் சொன்னால், தன்னை நம்பி விட்டுப்போனவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகுமோ என்பதே அவரை அரித்தது. கடைசியில் ஒருநாள் காலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் வாசலுக்கு வந்தார். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, துணைக்கு வாங்க. அவர் கள்ளனெண்டா மாட்டட்டும். கள்ளன் இல்லையெண்டா பொலிஸே தேடித் தரட்டும்."

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் முதலில் கேட்டது, "இவ்வளவு நாளும் ஏன் வரேல்ல, அம்மா?"

"நாளைக்கு வாறன் எண்டவர். பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைப்பாட்டை எழுதினார். பிறகு வளவுக்கு வந்து, கதவுகளைத் திறந்து பார்த்து, காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த செஸி நம்பரைக் குறித்துக்கொண்டார். காருக்குள் ஒரு பழைய குடையைத் தவிர ஒன்றுமில்லை. யாரும் அதை அசைக்கக்கூடாது என்று சொல்லிப் போனார்.

சில நாட்களில் பதில் கிடைத்தது. அது களவுக் கார் அல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் மதிலுக்குள்ளே மட்டும் ஓடுவதற்கு வாங்கியது. ரோட்டுக்கே வராததால் அதைப் பதியவில்லை. பழசானதும் ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் நிலாவெளி வினோதன். பொலிஸார் அவருடைய விலாசத்துக்குத் தகவல் அனுப்பினார்கள்.

அடுத்த நாளே அவருடைய மனைவி சிவரூபி லொறி ஒன்றுடன் வந்துவிட்டார். காரைக் கண்டதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ அக்கா, இஞ்சையா நிண்டது! அண்டைக்கு இரவே அவருக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் எண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவை. கிழமைக் கணக்கா நினைவில்ல. இப்பதான் தெளிவாக் கதைக்கிறார். ட்ரக்டரும் வழியில பிடிச்சதாம். நான் துறைமுக வாசல் முழுக்கக் கேட்டுத் திரிஞ்சனான்."

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அந்தக் காரின் எஞ்சினை நம்பி, இருந்த காசையெல்லாம் ஏலத்தில் போட்டிருந்தார்கள். சிவரூபி ஏலப் பற்றுச்சீட்டை நீட்டினார். றுக்கியா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரி மகள். ஆனா வெச்சது நீங்க இல்லையே."

சிவரூபி கணவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். மெலிந்த குரல் வந்தது.

"அக்கா, நாளைக்குப் பின்னேரம் வாறன் எண்டு சொன்ன ஆள்தான்."

"எந்த மாசத்து நாளைக்கு, தம்பி?"

அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் கேட்டன.

"அவவோட அனுப்பிவிடுங்கோவன் அக்கா."

"வேணாம். நீங்க சுகமாகி வந்து உங்கட கையால ஏத்துங்க. இப்ப பொலிஸுக்கே தெரியும். இனி எனக்கென்ன பயம்?"

சிவரூபிக்கும் அது பிடித்திருந்தது. 'அவர் எழும்பி வருவார்' என்று ஒருவர் உறுதியாகச் சொல்வதை அவர் கன நாளாகக் கேட்டிருக்கவில்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு லொறியை வெறுமனே திருப்பி அனுப்பினார்.

பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போன கதை படகில் பரவியது. ஜெஸ்மினின் ஸ்கூட்டி திரும்பி வந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு, வினோதன் சிவரூபியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, காரைத் தன் கையாலும் ஒரு தள்ளுத் தள்ளி லொறியில் ஏற்றினார். ஆடியில் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பை சின்ன வெங்காயம் வந்தது. அதில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்தது.

றுக்கியா இப்போது முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. பெயரும் தொலைபேசி நம்பரும் கேட்கிறார், வண்டியின் நம்பர் தகட்டையும் குனிந்து பார்க்கிறார். போன கிழமை என் வளவில் லொறியால் மண் கொட்டினார்கள். என் சைக்கிளை ஒரு பகலுக்கு அவருடைய மரத்தடியில் விட்டேன்.

"காக்கா, போன் நம்பரைச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன்.