ஒரிஜினலில் அச்சான சிறுபோகத் தீர்மானம்

1. லெட்சுமி அக்கா வந்த காலை

அன்று திங்கட்கிழமை. பிரதேச செயலகக் கந்தோருக்குள் வந்து கைப்பையை மேசையில் வைக்கவும் இல்லை, லெட்சுமி அக்கா முன்னால் வந்து நின்றார். கையில் நாங்கள் வெள்ளிக்கிழமை அனுப்பிய சிறுபோகத் தீர்மானத்தின் போட்டோ கொப்பி.

"எங்க வாய்க்கா பேரு இதுல இல்லீங்க மிஸ்."

இருக்காமல் போகாது, நான்தானே டைப் பண்ணினேன் என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பார்த்தேன். இல்லை. விதைக்கிற வாய்க்கால்களின் பட்டியலை அடுத்து, அவருடைய கடைசி வாய்க்காலுக்கு இந்தச் சிறுபோகம் தண்ணீர் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. கீழே எங்கள் பிரதேச செயலாளரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

இதை வாசிக்கும் இளம் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். மாரி முடிந்து குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் சிறுபோகம் என்ற கோடை விதைப்பில் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் வயல் செய்கிற கமக்காரர், நீர்ப்பாசன எஞ்சினியர், பிரதேச செயலாளர் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, எந்த வாய்க்காலில் எவ்வளவு விதைக்கலாம் என்று கை உயர்த்தித் தீர்மானிப்பார்கள். அதை டைப் பண்ணிக் கையெழுத்து வைத்து அனுப்பினால் பிறகு அதுதான் சட்டம். குளத்து மதகான துருசைத் திறக்கிறவர் அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார்.

கடைசி வாய்க்காலில் இருப்பவர்கள் அந்த நாளில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள். அவர்கள் சிறுபோகத் தண்ணீரைக் கண்டு பல வருடம். அந்த வருடம்தான், ஒரு முழுப் பகல் வாக்குவாதத்துக்குப் பிறகு, மேல் வாய்க்கால்காரர் தங்கள் பங்கில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். நானும் அந்த மண்டபத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பேச்சை நம்பி லெட்சுமி அக்கா வயலை உழுதுவிட்டார். ஞாயிறு காலை விதைநெல்லையும் ஊறப் போட்டுவிட்டார். பின்னேரம்தான் யாரோ இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

"முளை வந்திருச்சுன்னா நெல்லு காத்துக்கிட்டு இருக்காது மிஸ். வேற விதநெல்லு வாங்க என்கிட்ட வழியில்ல," என்றார். அழவில்லை, ஏசவில்லை. அழுதிருந்தால் கதிரையைக் காட்டி இருத்தி, ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் என் கணினியையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2. ஒரே கோப்பு, நாலு தோற்றம்

நான் கனகராயன்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய், கிளிநொச்சிப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். கந்தோரின் பேர் இங்கே வேண்டாம். தட்டச்சு மெஷினில் தொடங்கிய ஆள் நான். அதில் பிழை விட்டால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும், அதனால் பிழை விடப் பயம் இருந்தது. வேர்ட் வந்ததும் பயம் போய்விட்டது. கூடவே எது டிராஃப்ட், எது ஃபைனல் என்ற தெளிவும் போய்விட்டது. எங்கள் கணினிகளில் "final", "final new", "final last", "final madam parthathu" என்று கோப்புகள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

புதிதாக வந்த பிரதேச செயலாளர் மேடம்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். எந்த ஆவணத்துக்கும் ஒரே ஒரு கோப்புத்தான், திருத்தம் எல்லாம் ட்ராக் சேஞ்சஸ் போட்டு அதற்குள்ளேயே செய்ய வேண்டும் என்றார். ட்ராக் சேஞ்சஸ் போட்டால் வெட்டிய சொல் வெட்டுக்கோட்டோடு அப்படியே நிற்கும், சேர்த்த சொல் சிவப்பில் வரும். யார், எப்போது மாற்றியது என்பதும் தெரியும். எனக்கு முதல் மாதம் கண் எரிந்ததுதான் மிச்சம். பிறகு அதை விட்டால் வேலை ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிவியூ என்ற பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரே கோப்பை நாலு விதமாகக் காட்டும். ஃபைனல் என்று வைத்தால் திருத்தம் எல்லாம் ஏற்றுக்கொண்ட மாதிரித் துப்புரவாகத் தெரியும். ஒரிஜினல் என்று வைத்தால் ஒருவருமே கை வைக்காத முதல் டிராஃப்ட் தெரியும். மற்ற இரண்டிலும் சிவப்புக் கோடுகள் தெரியும். மாறுவது தோற்றம் மட்டும்தான். கறை பட்ட சேலையைக் கறை உள்ளே போக மடித்து வைக்கிற மாதிரி. அக்செப்ட் கொடுக்கிற வரைக்கும் பழையதும் புதியதும் உள்ளே இருக்கும், பெட்டியில் எது நிற்கிறதோ அதுதான் அச்சிலும் வரும்.

3. மேடத்தின் அறையில்

என் கணினியில் கோப்பைத் திறந்தேன். கடைசி வாய்க்கால் சிவப்பு எழுத்தில் அழகாக இருந்தது. கூட்டம் முடிந்த அன்றே நான் சேர்த்த வரி. அப்பாடா, பிழை என்னுடையது இல்லை என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் லெட்சுமி அக்கா அதே இடத்தில் நிற்கிறார். என் பிழை இல்லை என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கடதாசியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். கையெழுத்துக்குப் போகும் பிரதிகள் எல்லாம் அங்கேதான் அச்சாகும், நல்ல பிரிண்டர் அங்கே இருந்தபடியால். மேடம் கோப்பைத் திறந்தார், வாசித்தார், பிறகு அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார். ஒரிஜினல் என்று நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எஞ்சினியர் போன் எடுத்து, தான் முதலில் தந்த கணக்கில் எவ்வளவு ஏக்கர் இருந்தது என்று கேட்டிருக்கிறார். அதைப் பார்க்க மேடம் ஒரிஜினலுக்கு மாற்றியிருக்கிறார். திரும்ப மாற்ற மறந்து, அப்படியே அச்செடுத்துக் கையெழுத்தும் வைத்துவிட்டார். கூட்டத்துக்கு முந்திய டிராஃப்ட், சட்டமாக ஊருக்குப் போய்விட்டது.

எனக்கு எத்தனையோ மேலதிகாரிகள். இப்படியான நேரத்தில் பெரும்பாலும் "யார் டைப் பண்ணினது?" என்றுதான் கேள்வி வரும். மேடம் கதிரையில் சாய்ந்து, "இது என்ரை பிழை. உங்கடை பேரிலை ஒரு சொல்லும் வராது," என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு சிக்கலைச் சொன்னார். திருத்திய பிரதியை உடனே அனுப்பலாம். ஆனால் மேல் வாய்க்கால்காரருக்கு இந்தப் பிழையால் லாபம், விட்டுக்கொடுத்த துண்டு அவர்களுக்கே திரும்பிவிட்டது. கையெழுத்து வைத்த பிறகு கந்தோர் ஆரோ ஒருவருக்காக மாற்றிவிட்டது என்று அவர்கள் ஒரு முறைப்பாடு போட்டால் போதும், திரும்ப அறிவித்தல் கொடுத்துத் திரும்பக் கூட்டம் வைக்க வேண்டும். அதற்குள் ஊறின நெல் அழுகிவிடும்.

"நட்டப்படுற ஆள் வந்து, இதுதான் கூட்டத்திலை முடிவானது எண்டு கையெழுத்து வைக்கவேணும். தில்லையம்பலத்தாரைக் கூப்பிடுங்கோ."

தில்லையம்பலம் அண்ணை மேல் வாய்க்காலின் கமக்காரர் அமைப்புத் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்திட்டத்தில் காணி எடுத்து வந்த குடும்பம். கூட்ட அறிக்கை எதையும் வரிக்கு வரி கிண்டிப் பார்த்து, இந்தச் சொல் ஏன், அந்தச் சொல் ஏன் என்று என் உயிரை எடுக்கிற மனிதர். கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் கொடுக்கும் கதை எழுந்தபோது அன்று அதிகம் எதிர்த்துப் பேசியதும் அவர்தான். இந்த மனிதர் கையில் வந்த லாபத்தை விட்டுத் தருவாரா?

போன் எடுத்தேன். விஷயத்தைத் தொடங்கும் முன்னமே, "வந்துகொண்டுதான் இருக்கிறன்," என்று வைத்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். லெட்சுமி அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மர வாங்கிலில் குந்தியிருந்தவர் எழும்பிச் சுவரோரம் போய் நின்றார்.

4. கையெழுத்து

தில்லையம்பலம் அண்ணை மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நேராக உள்ளே வந்தார். மேடம் இருக்கச் சொன்னார், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒரிஜினல் பிரதியையும் ஃபைனல் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் தன் வழக்கப்படி வரி வரியாக வாசித்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

வாசித்து முடித்து ஃபைனல் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் இதுக்கு எதிராத்தான் கதைச்சனான். ஆனால் கடைசியிலை கை உயர்த்தினனான், எல்லாரும் கண்டவை. உயர்த்தின கையைக் கடதாசி பிழைச்சுப் போச்செண்டு இறக்கேலாது. பேனையைத் தாங்கோ பிள்ளை."

கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, மூன்றாம் பந்தியில் ஒரு சொல் சரியில்லை, அடுத்த முறையாவது பார்த்து அடியுங்கோ என்று எனக்கு ஒரு குட்டும் வைத்துவிட்டுத்தான் எழும்பினார். அந்த நேரம் அவர் பத்துக் குட்டு வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நீர்ப்பாசனக் கந்தோருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் மத்தியானத்துக்கு முன் திருத்திய பிரதி போய்விட்டது. துருசு திறக்கிறவருக்கு மேடமே போன் எடுத்துச் சொன்னார். லெட்சுமி அக்கா தன் கையில் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். அதை நாலாய் மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஒன்றிரண்டு நாளில் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் போனது, நெல்லும் விதைத்தாயிற்று.

5. இப்போது அந்தக் கதிரையில் இருப்பவர்களுக்கு

டிராஃப்டை ஃபைனலாக்குவது என்றால் அந்தப் பெட்டியை மாற்றுவது இல்லை. ஒவ்வொரு திருத்தமாகப் பார்த்து அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் கொடுங்கள். ட்ராக் சேஞ்சஸை நிற்பாட்டுங்கள். சிவப்பு நிற்கிற பிரதியை வேறு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், ஒருநாள் தேவைப்படும். கையெழுத்துக்குப் போவதை பி.டி.எஃப். ஆக்கி அதிலிருந்து மட்டும் அச்செடுங்கள். நாங்கள் அன்றிலிருந்து இன்னொன்றும் செய்தோம். கையெழுத்து வைக்க முன்னம், அச்சான கடதாசியைக் கூட்டத்துக்கு வந்த இரண்டு பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவோம். கணினிக்குத் தெரியாத பிழை அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் போகம் வெட்டி முடிந்து சில நாளில் லெட்சுமி அக்கா வேறு ஒரு அலுவலாகக் கந்தோருக்கு வந்தார். விளைச்சல் பரவாயில்லை என்றார். பேச்சோடு பேச்சாக, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார்.

பிழையான கடதாசி வெள்ளி பின்னேரம் மேல் வாய்க்கால் அமைப்பின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த இளசுகள், விட்டுக்கொடுத்த துண்டு திரும்பி வந்துவிட்டது என்று சனி காலையே உழவுக்கு டிராக்டர் பிடித்துவிட்டார்கள். தில்லையம்பலம் அண்ணை போய் மறித்திருக்கிறார். கந்தோர் விட்ட பிழையைக் கந்தோர் திருத்தும், திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லுறன் என்றாராம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் போன் எடுத்த நேரம் அவர் எதற்காக வந்துகொண்டிருந்தார் என்று.

"அந்த டிராக்டர சும்மா திருப்பி அனுப்பல மிஸ். எங்க பக்கம் அனுப்பிட்டாரு, அவருதான்னு அப்ப எனக்கே தெரியாது. என் வயல உழுதது அதுதான்."

சண்டைக்கு வருகிறார் என்று நான் நினைத்த மனிதர். அவருக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை, சொன்னால் அதிலும் ஒரு சொல்லைத் திருத்துவார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் வரைக்கும் எங்கள் கையெழுத்தோடு ஒரு பிழையான கடதாசி ஊர்ப் பலகையில் ஒட்டியிருந்தது. ஊர் அந்தக் கடதாசியின்படி நடக்கவில்லை.